கதையைக் கேட்ட பிறகும் அடித்தேன்

மகள்,

நீ அனுப்பிய குரல் பதிவை முழுதாகக் கேட்டேன். நடுவில் நீ இருமிய இடத்தையும் கேட்டேன். பின்னால் நின்று ஒருவன் "சொல்லிட்டியா?" என்று கேட்டதையும் கேட்டேன். "அம்மா, வீட்டு உறுதியில எங்கட ரெண்டு பேர்ட பேரையும் போட்டு எழுதுங்க, அவருக்கும் ஒரு மரியாதை வேணும்தானே" என்றாய். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காத்திருந்து களைக்காதே. நீ கட்டப்போகிற நிரோஷனின் பெயர் இந்த வீட்டு உறுதிப் பத்திரத்தில் வராது. மீதியெல்லாம் ஏன் வராது என்பதற்காக எழுதுவது. இதை முகநூலில் எல்லோரும் பார்க்கும்படி போடப்போகிறேன். கல்யாணம் வைத்திருக்கிற வீட்டில் இது தேவையா என்று உன் அப்பா கேட்டார். அவன் தன் பெயரை ஊர் பார்க்கப் போட்டபோது யாரிடம் கேட்டான் என்று நான் திருப்பிக் கேட்டேன். அப்பா தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வளவுக்குள் போய்விட்டார்.

நான் இலேசில் மறக்கிறவள் இல்லை, அது உனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்தன்று உன் பெரிய மாமி, அதுதான் அப்பாவின் அக்கா, இந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "இந்தக் கோழிக்கூட்டுக்குள்ள என்ட தம்பி எப்பிடிக் குனிஞ்சு போவான்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அப்போது இது கூரைக்குக் கிடுகு போட்ட சின்ன வீடு, என் அம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். புதுப்பெண் வேறென்ன செய்வது. நீ ஐந்தாம் வகுப்புப் படிக்கும் வரைக்கும் பொறுத்திருந்தேன். கடையில் உழைத்து இந்த வீட்டைக் கல்வீடாகக் கட்டியபோது மேசனிடம் வாசல் நிலையை ஒரு முழம் உயர்த்தி வைக்கச் சொன்னேன். பால் காய்ச்சின அன்று உன் மாமியை நானே கைபிடித்துக் கூட்டிவந்து, "மச்சாள், பாத்து, குனிஞ்சு வாங்க, கோழிக்கூடு" என்றேன். அவ்வளவு உயரமான வாசலில் அந்த மனுசி உண்மையாகவே குனிந்துதான் உள்ளே வந்தது. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சோறு கூடுதலாக இறங்கும்.

நீ என் வயிற்றில் பிறந்தவளா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். முன்வீட்டுப் பிள்ளை உன் சைக்கிள் மணியைக் கழற்றிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறதா? நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குப் புறப்பட்டேன். எனக்கு முதல் நீ போய் அவர்கள் படியில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தாய். திரும்பி வந்து, "அம்மா, மணி இல்லாமப் போனதுக்கு லொறிக்காரன் அவளைக் கெட்ட பேச்சு பேசினவனாம், பாவம்" என்றாய். அதோடு விட்டாயா? கழற்றிய மணிக்கு ஆணி இல்லை என்று வீட்டிலிருந்து ஆணியையும் கொண்டுபோய்க் கொடுத்தாய். அப்பாவின் போனில் விளையாட்டு விளையாடும்போதும் இதே கதைதான். வாளோடு ஊர் ஊராகத் திரிகிற விளையாட்டு அது. மற்றப் பிள்ளைகள் கண்டவனையெல்லாம் வெட்டிக்கொண்டு போவார்கள். நீ ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி, உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஆளோடும் கதைத்து, அவர்கள் சொல்வதை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருப்பாய். அப்பா பக்கத்தில் இருந்து, "மறுகா என்ன சொன்னவன்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். சிலருக்கு வடமோடிக் கூத்துப் பிடிக்கும், சிலருக்குத் தென்மோடி பிடிக்கும், பிள்ளை தென்மோடி என்பார். தென்மோடி என்றால் பாட்டு, கதை. வடமோடி என்றால் போர், வெட்டு, குத்து. அப்படியென்றால் இந்த வீட்டில் வடமோடி நான் ஒருத்திதான்.

பிறகு நீ வந்தாறுமூலைக் கம்பஸில் படித்த காலத்தில் நீயும் நிரோஷனும் சேர்ந்து ஒரு கணினி விளையாட்டைச் செய்தீர்கள், 'தோணிக்காரி'. வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு பெண் வாவியில் தோணி வலித்து ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோகிறாள். ஏறுகிற ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்வார்கள். இடையில் முதலை வரும், துறையைப் பிடிக்க வாளோடு ஆட்கள் வருவார்கள், அவள் தோணி வலிக்கிற சவளால் அடித்து விரட்ட வேண்டும். அவளோடு கூடப் பிறந்தவன்போல இருந்த மாயன் என்கிறவன் ஒருநாள் கயிற்றை வெட்டிவிட்டு, தோணியையும் கொண்டு, அவளை நடு வாவியில் ஒரு மணல் திட்டியில் விட்டுவிட்டுப் போய்விடுவான். கடைசியில் அவனை அவள் திரும்பச் சந்திப்பாள். கதை, ஆட்கள், வாவி, தோணி எல்லாம் நீ. சண்டை அவன். சண்டையை நன்றாகவே செய்தான், அதை மறைக்கமாட்டேன். முதலை வாலை அடிக்கிற அடியில் எனக்கே நெஞ்சு திக்கென்றது.

சனத்துக்குக் கதை பிடிக்கிறதா, சண்டை பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று, செங்கலடிச் சந்தியில் இருக்கிற நம் கொமினிக்கேஷன் கடையில் பழைய கணினி ஒன்றை வைத்து அதில் விளையாட்டைப் போட்டுவிட்டாய். "அம்மா, ஆரு வாசிக்கிறாங்க, ஆரு ஸ்கிப் அடிக்கிறாங்க எண்டு சும்மா பாத்துச் சொல்லுங்க" என்றாய். போட்டோக்கொப்பி எடுக்க வந்தவர்கள், போனுக்கு ரீலோட் போட வந்தவர்கள், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் என்று எல்லோரும் கை வைத்தார்கள். நான் பார்த்தேன். கொஞ்ச நாளிலேயே எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. கதைக்காரர், சண்டைக்காரர் என்று இரண்டு சாதி இல்லை. கரடியனாற்று பஸ் வரப்போகிறதென்றால் எல்லோரும் ஸ்கிப். மூன்று பேச்சைத் தட்டித் தள்ளிவிட்டு இரண்டு அடி அடித்துவிட்டு ஓடுவார்கள். அதே ஆள், அதே கதிரை, பஸ் பிந்தின நாளில், "பொறுங்க அக்கா, இந்த மனிசி ஏன் அழுறா எண்டு பாத்திட்டுப் போறன்" என்பான். இதை உனக்குச் சொன்னேன். நீ நிரோஷனுக்கும் சொன்னாய்.

அவன் ஒரே ஒரு பின்னேரம் வந்து பார்த்தான். எப்போது வந்தான் என்றால், கடைசி பஸ் வருகிற நேரம். சந்தியில் சனம் முட்டி மோதிக்கொண்டு நிற்கிறது, ஒரு கையில் மரக்கறிப் பை, மற்றக் கையால் ஸ்கிப், ஸ்கிப், ஸ்கிப். அவன் முகம் பூத்துவிட்டது. "பாத்தீங்களா அன்ரி? சனத்துக்கு அடிபாடுதான் வேணும். கதைய ஆரு வாசிக்கிற?" என்றான். "தம்பி, பஸ் வரப்போகுது, நாளைக்கு மத்தியானம் வந்து பாருங்க" என்றேன். "எல்லா நேரமும் சனம் சனம்தான் அன்ரி" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் மத்தியானம் அவன் வரவில்லை, வேறு எந்த மத்தியானமும் வரவில்லை. பஸ்ஸுக்கு ஓடுகிற சனத்தைப் பார்த்துவிட்டு, அதுதான் சனத்தின் மனம் என்று நினைத்துக்கொண்டான். சந்தியில் கடை வைத்திருக்கிற எவரிடமும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

அவன் மத்தியானம் வந்திருந்தால், நாம் காக்கா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணனைக் கண்டிருப்பான். ஏறாவூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் சாரமும் சேலையும் கட்டிக்கொண்டு வந்து விற்கிற மனுசன். அவருக்கு பஸ் கவலை இல்லை. வெயில் தணியும் வரைக்கும் கடையில் இருப்பார், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசிப்பார். ஆனால் சண்டை வந்தால் கையை எடுத்துவிடுவார். "தங்கச்சி, இந்தாங்க, அடிக்கிறானுகள், நீங்க பாருங்க. எனக்கு ஏலா" என்று கதிரையை விட்டு எழும்பிவிடுவார். போட்டோக்கொப்பி மெசினை நிறுத்திவிட்டு நான் போய் அடித்துக் கொடுப்பேன். முதலில் விரல் தடுமாறியது. பிறகு எனக்கே ஒரு மாதிரி வந்துவிட்டது, மகள். துறையைப் பிடிக்க வந்தவனைச் சவளால் விளாசி வாவிக்குள் தள்ளும்போது, வரி என்றும் வாடகை என்றும் கடைக்கு வந்து என்னோடு முகத்தைச் சுளித்தவர்களெல்லாம் வரிசையாக விழுகிற மாதிரி இருந்தது. நீ கதை எழுதியிருக்கிறாய், நான் கதைக்காகத்தான் விளையாடுவேன் என்று நினைத்தாயாக்கும். இல்லை. உன் கதையைக் காக்கா வாசித்தார், உன் சண்டையை நான் பிடித்தேன். அப்படித்தான் இரண்டு பேரும் அக்கரைக்குப் போனோம்.

கடைசியில் மாயன் வந்தான். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். திரையில் இரண்டு பொத்தான் வந்தது. ஒன்று, 'ஏன் விட்டுட்டுப் போனாய் என்று கேள்.' மற்றது, 'அடி.' காக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கை பொத்தானில் இருந்தது. அடித்துவிட்டேன். விழுந்தான், விளையாட்டு முடிந்தது. காக்காவின் முகம் கறுத்துவிட்டது. "அவன்ட கதையக் கேக்காம அடிச்சிட்டீங்களே தங்கச்சி. இவ்வளவு நாளும் நான் அதுக்குத்தானே வாசிச்ச" என்றார். கொஞ்ச நாள் கடைப்பக்கம் வரவில்லை, எங்கள் சந்தியைத் தாண்டிப் போய் வேறு இடத்தில் நின்று வெயில் தணித்தாராம். நான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, கடைசித் துறையிலிருந்து திரும்ப விளையாடினோம். இந்த முறை கேட்டோம். மாயன் சொன்னான்: வாவியில் வெள்ளம் ஏறியது, இரண்டு பேரையும் அந்தத் தோணி தாங்காது என்று பயந்தேன், திரும்பி வர நினைத்தேன், வெட்கத்தில் வரவில்லை, வெட்கம் கூடக்கூட வர முடியாமலே போய்விட்டது. நன்றாக எழுதியிருந்தாய். காக்கா சால்வையால் கண்ணைத் துடைத்தார். எனக்கும் அவன்மேல் இரக்கம் வந்தது, பொய் சொல்லவில்லை. கேட்டு முடிந்ததும் திரையைப் பார்த்தால், 'அடி' என்கிற பொத்தான் இன்னும் அங்கேயே இருக்கிறது. பக்கத்தில் 'தோணியில் ஏற்று' என்று இன்னொன்று. காக்கா, "ஏத்துங்க தங்கச்சி, பாவம்" என்றார். நான் கதையைக் கேட்ட பிறகும் அடித்தேன்.

அந்தப் பொத்தானை அங்கே வைத்தது யார்? நிரோஷன் இல்லை, நான் பிறகு உன்னிடம் கேட்டேன். நீதான் வைத்திருந்தாய். "கேட்டாப் பிறகும் சில பேருக்கு ஆறாதுதானே அம்மா" என்றாய். அன்றைக்குத்தான் நீ என் பிள்ளை என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நான் சொல்லத்தான் போகிறேன். அவன் கொழும்பில் ஒரு கம்பனிக்குப் போனான். ஒருநாள் கடைக்கு வந்த பெடியன் ஒருவன் தன் போனைக் காட்டி, "அக்கா, இது உங்கட கடையில இருந்த கேம்தானே" என்றான். வாங்கிப் பார்த்தேன். வாவி அதே வாவி. தோணி அதே தோணி. சவள், முதலை, துறை, மாயன், எல்லாம் இருந்தது. தோணியில் ஏறியவர்கள் மட்டும் வாய் திறக்கவில்லை, பொம்மை மாதிரி இருந்தார்கள். மாயன் வந்ததும் கேள்வி இல்லை, நேரே சண்டை. அந்தப் பெடியனின் போனிலேயே இருந்து முடிவு வரைக்கும் அடித்து முடித்தேன், கடையில் ஆட்கள் நிற்கட்டும் என்று. கடைசியில் பெயர்கள் ஓடின. ஆக்கம்: அவன். பாட்டுக்காரனின் பெயர், படம் கீறியவனின் பெயர். நன்றி என்று போட்டு, கம்பஸ் வாசலில் ரோல்ஸ் விற்கிற தேத்தண்ணிக் கடைக்காரரின் பெயரைக்கூடப் போட்டிருந்தான். உன் பெயர் இல்லை. ஒருவேளை வேகமாக ஓடிவிட்டதோ என்று திரும்பவும் பார்த்தேன். இல்லை. அன்றிரவு நீ சாப்பிடாமல் படுத்தாய், "பரவாயில்லை அம்மா" என்று சுவருக்குச் சொன்னாய். எனக்கு அப்படி இல்லை. இன்றைக்கும் இல்லை.

பிறகு அவன் உன்னிடம் வந்து கதைத்தான், நீ கேட்டாய், மணியைக் கொடுத்து ஆணியையும் கொடுத்த பிள்ளை நீ, மன்னித்தாய். அது உன் விருப்பம். மாமாங்கத் திருவிழாவுக்குப் போன இடத்தில் அவன் வீட்டார் அமிர்தகழியில் அப்பாவோடு சம்பந்தம் கதைத்தார்கள். நான் மறுக்கவில்லை. உன் மனம் அங்கே போய்விட்டதென்றால் நான் குறுக்கே படுத்து என்ன பிரயோசனம்? ஆனால் அவன் நம் வீட்டுக்கு வந்த அன்று, உங்கள் எல்லோரையும் முன் அறையில் விட்டுவிட்டு, குசினியில் அவனை இருத்தி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "ஏன் தம்பி?" என்று கேட்டேன். நீ எழுதிய கேள்விதான். அவன் சொன்னதை இடையில் வெட்டாமல் முழுதாகக் கேட்டேன். கம்பனிக்காரர் கதை வேண்டாம் என்றார்களாம். புது வேலை, எதிர்த்துப் பேசப் பயமாம். பிறகு சொன்னானே ஒன்று, அது என் நெஞ்சில் அப்படியே இருக்கிறது: "கதைய எடுத்திட்டம் மாமி. கதையே இல்லாத இடத்தில கதை எழுதினவட பேர எங்க போடுற?" கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தேன். வெட்கம் என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் ஒருவேளை நானும் தோணியில் ஏற்றியிருப்பேன். மாயனுக்கு இருந்த வெட்கம் இவனுக்கு இல்லை.

இப்போது அதே ஆள், உன் வாயால் உறுதியில் பெயர் கேட்கிறான். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. என் அம்மாவுக்கு அவள் அம்மா கொடுத்தாள், எனக்கு என் அம்மா கொடுத்தாள், உனக்கு நான் கொடுக்கிறேன். மாப்பிள்ளை வந்து இருப்பான், நாங்கள் பின் வளவில் இரண்டு அறைக்குப் போய்விடுவோம். உன் அப்பாவின் பெயர் இந்த வீட்டு உறுதியில் என்றைக்கும் இருந்ததில்லை. அதனால் அவருக்கு ஒருநாளும் சோறு செமிக்காமல் போகவில்லை. இப்போதைய பெடியன்கள் இரண்டு பெயரும் வேண்டும் என்கிறார்கள், காலம் அப்படி, நல்ல பிள்ளையாக இருந்தால் நானும் எழுதியிருப்பேன். இவனுக்கு மாட்டேன். இவன் கல் சுமந்தானா, மண் குழைத்தானா, அந்த நிலையை ஒரு முழம் உயர்த்தும்போது பக்கத்தில் நின்றானா? ஒன்றுமே செய்யாத இடத்தில் பெயரை எங்கே போடுவது? கணக்கு அவன் சொல்லித் தந்த கணக்குத்தான்.

அவன் வரட்டும். வாசலில் ஆரத்தி எடுப்பேன், மாப்பிள்ளைக்கு மீன் தலை வைப்பேன், காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பேன். சாப்பாட்டில் வஞ்சம் தீர்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து படலையைத் திறந்து வரும்போது, தான் நுழைவது யாருடைய வீடு என்று அவனுக்குத் தெரிய வேண்டும். பெயர் இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று நடந்து நடந்து தெரிய வேண்டும். பெயர் வேண்டுமென்றால் வீட்டுக்காரி நீ, இனி உன்னிடம் கேட்கட்டும். நீ இரங்கிக் கொடுத்தாலும் கொடுப்பாய், உன் கை அப்படி. ஆனால் கேட்க வருகிற அன்று அவனை இருத்தி, அவன் வெட்டி எறிந்த கதையை ஒரு வரி விடாமல் வாசிக்கச் சொல். பஸ் ஒன்றும் போய்விடாது.

இன்று காலை நானும் அப்பாவும் உறுதி எழுதுகிற நொத்தாரிசு ஐயாவிடம் போனோம். அப்பா வழி முழுக்க, "விடுகா, பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஐயா பழைய உறுதியைப் பார்த்து எல்லைகளை எழுதினார், வடக்கே ஒழுங்கை, கிழக்கே முன்வீட்டார் வளவு, எல்லாம் சரி. பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "மருமகன்ட பேரையும் சேத்துத்தானே எழுதுற? இப்ப எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறாங்க" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு அந்த இடத்தில் திரை தெரிந்தது, மகள், இரண்டு பொத்தானும் தெரிந்தது.

"அத ஸ்கிப் பண்ணுங்க ஐயா" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கியது, தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று கண்டேன். ஐயா அந்த வரியை விட்டுவிட்டு உன் முழுப்பெயரைக் கேட்டார். நான் வாயைத் திறக்க முதல் உன் அப்பா எழும்பி மேசையடிக்குப் போய், ஓர் எழுத்தும் தவறக் கூடாது என்று பக்கத்தில் நின்று, எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

உன்னைப் பெற்ற சண்டைக்காரி